சொட்டாத ஓட்டை

ஏற்காடு மலைப்பாதையில் மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் மாருதி ஒரே மூச்சில் பத்தாவதைத் தாண்டாது என்று சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு கேலி ஓடிக்கொண்டிருந்தது. பொய்யில்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் சாலையோரம் கொஞ்சம் அகலமாக ஓரிடம் இருக்கிறது. ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே வண்டியை ஒதுக்கி, பின் டயருக்குக் கல் கொடுத்து, ஜன்னலில் குரங்கு கை விடாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

வண்டி 1997 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க ஒரு கார்பரேட்டர். மாமனார் வாங்கியது. நாகலூர் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. முட்டி வலி வந்த பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். வாரம் ஒருமுறை அவரையும் அத்தையையும் மேலே அழைத்துப் போய் வருவது என் பொறுப்பு. எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்ஸி என்று எது வந்தாலும் கட்டுவேன். இதை இங்கேயே சொல்லி வைக்கக் காரணம் இருக்கிறது. இந்த வண்டி விஷயத்தில் என் தொழில் என்னை ஒருமுறை தப்பான பக்கம் இழுத்தது. சரியான பக்கம் காட்டியதும் அதே தொழில்தான். நடுவில் நான் கவனிக்காமல் விட்டது நாலு மாசம்.

கோளாறு இப்படி. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரம் வரை குறையே இல்லை. முதல் நாலைந்து வளைவுகளும் சுகமாக ஏறும். ஏழு, எட்டு தாண்டியதும் இழுவை லேசாகக் குறையும். ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் ஒரு விக்கல். அப்புறம் தொடர்ச்சியாக மூன்று நாலு விக்கல். பிறகு சத்தமே இல்லாமல் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. இருபது நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகி மேலே போய்விடும். இறங்கும்போது ஒருநாளும் நின்றதில்லை. சேலத்துக்குள் ஓட்டும்போதும் நின்றதில்லை. மெக்கானிக்கிடம் கொண்டு போய் நிறுத்தினால் நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டும்.

என் முதல் சந்தேகம், பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில். காயில் கட்டுகிறவன் வேறு எதைச் சந்தேகப்படுவான்? சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் காயில்களை வாரத்துக்கு இரண்டு பார்க்கிறேன். உள்ளே கம்பியின் வார்னிஷ் விட்டுப்போய், சூட்டில் கம்பி விரிந்து பக்கத்துச் சுற்றைத் தொடும், ஆறியதும் விலகிக்கொள்ளும். அறிகுறி அச்சாக அப்படியே இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். குளிரில் ஒரு அளவு, மலையில் நின்ற உடனே ஒரு அளவு. செம்புக் கம்பி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் மின்தடை கூடும். அறுபது டிகிரி ஏறினால் கால்வாசி அதிகம் காட்டுவது இயல்பு. எனக்குக் கிடைத்ததும் அந்தக் கால்வாசிதான். அதாவது காயில் நன்றாக இருக்கிறது என்று மீட்டர் சொன்னது. நான் அதை நம்பாமல் புதுக் காயில் வாங்கி மாட்டினேன். அடுத்த ஞாயிறு அதே இடம், அதே குரங்கு.

பிறகு மெக்கானிக் முறை. அவர் பிளக் மாற்றினார், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் பொடித் துளைகளான ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தார். மூன்றாம் தடவை போனபோது, "பம்பு டயாஃப்ரம் போயிருக்கும்ணா, போட்டுறலாம்" என்று புதுப் பம்பும் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிற்கிற வண்டியை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அடிவாரத்துக்கு மேலே வந்தால்தான் வியாதி வரும் என்றால் டாக்டர் என்ன செய்வார்? பழைய பம்பை நான் தூக்கிப் போடாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மாமனாருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்தில் காப்பி மூட்டை ஏற்றி ஜீப் ஓட்டியவர். "மாப்ள, இது வேப்பர் லாக்குங்க. பம்பு மேல ஈரத்துணி போடுங்க, பின்னாடி பேசுங்க" என்றார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பழைய வேட்டித் துண்டை நனைத்து டிக்கியில் வைத்தார். வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து துணியைப் பம்பின் மேல் சுற்றித் தண்ணீர் ஊற்றினோம். இருபது நிமிஷம் ஆகிற இடத்தில் ஏழு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாமனார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வேப்பர் லாக் என்பது கட்டுக்கதை இல்லை. பெட்ரோலில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் லேசானவை நாற்பது டிகிரிக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த வண்டியில் பெட்ரோல் பம்பு எஞ்சின் ஹெட்டிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. கேம் ஷாஃப்ட் அதன் நெம்பை ஆட்ட, உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு ஏறி இறங்கி டேங்கிலிருந்து உறிஞ்சும். மலையில் முதல் கியரில், காற்றோட்டம் இல்லாமல், எஞ்சின் சூடு முழுவதும் பம்பில் ஏறும். உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் கொதிநிலையும் இன்னும் இறங்கும். பெட்ரோல் குமிழாக மாறினால் பம்பு ஆவியைத்தான் அமுக்கி அமுக்கி விடும், கார்பரேட்டருக்கு ஒன்றும் போகாது. ஈரத்துணி வேலை செய்வது அதனால்தான். ஆனால் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. இதே வண்டி இருபது வருஷம் இதே மலையை ஏறியிருக்கிறது, சித்திரை வெயிலிலும் ஏறியிருக்கிறது. அப்போது வராத வேப்பர் லாக் இப்போது ஏன் வரவேண்டும்? மார்கழிக் குளிரில் அது நின்றதற்கு மாமனாரிடம் பதில் இல்லை. துணியை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனை நாளும் நாங்கள் செய்த தவறு, கோளாறு இருக்கும்போது அதைச் சோதிக்காமல், அது போன பிறகு கீழே வந்து உதிரிப்பாகம் மாற்றியதுதான். நின்ற பிறகு நமக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிஷம். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். ஆகவே அடுத்த பயணத்தில் டேஷ்போர்டில் ஒரு பழைய பிளக், மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச் எல்லாம் தயாராக வைத்தேன். சிறிய தீயணைப்பானும் வாங்கி வைத்தேன். சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் லைனைத் தொடுகிறவர்கள் அது இல்லாமல் தொடக்கூடாது. மனைவியிடம் நேரம் குறிக்கச் சொன்னேன். அவள் பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டிலேயே குறித்தாள்.

ஒன்பதாவது வளைவு தாண்டியது. விக்கல். அணைந்தது.

முதலில் நெருப்பு. ஒரு பிளக் வயரைக் கழற்றி, பழைய பிளக்கை அதில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து மனைவியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நீலப் பொறி, பளிச்சென்று. இக்னிஷன் பக்கம் அந்த நொடியே முடிந்துவிட்டது. என் காயில் கோட்பாட்டுக்கு அங்கேயே கருமாதி.

அடுத்து பெட்ரோல். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்பரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்தேன். நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசி மாதிரி ஒரு பெட்ரோல் பீச்சு வரும். வறட்சி, ஒரு சொட்டு இல்லை. இந்தக் கார்பரேட்டரில் மிதவை இருக்கும் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. நடுவில் ஒரு புள்ளி, பெட்ரோல் மட்டம் அந்தப் புள்ளியில் நிற்க வேண்டும். கண்ணாடியில் மட்டமே தெரியவில்லை. கிண்ணம் காலி.

ஐந்து நிமிஷ வேலை. நாலு மாசமாகப் போட்ட காயில், பிளக், ஜெட் சுத்தம் எல்லாம் இந்த ஐந்து நிமிஷத்தில் அடிபட்டுப் போயின. கோளாறு டேங்குக்கும் கார்பரேட்டர் வாசலுக்கும் நடுவில் எங்கேயோ. கார்பரேட்டர் நிரபராதி.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். காற்றோட்டத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மூடியைத் திருகும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும். அப்படி எதுவும் இல்லை. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டியும் பார்த்தாயிற்று, நின்றது.

மிச்சம் இருந்தது டேங்கும் குழாயும். டேங்கை இறக்கினோம். மெக்கானிக்கும் நானும் அரைநாள். அடியில் இருந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. செம்மண் குழம்பு மாதிரி துரு, அதற்கு நடுவில் தண்ணீர் முத்துகள். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். வாரம் ஒருமுறை ஓடி, பாதிக்கு மேல் காலியாகவே நிற்கும் இரும்பு டேங்குக்கு இதைவிடக் கெட்டது வேறில்லை. கழுவி, காயவைத்து, உறிஞ்சு குழாயின் வலைச் சல்லடையைச் சுத்தம் செய்து மாட்டினோம். கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கு ஆளுக்கொரு தட்டுவடை செட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது தாண்டியது. நின்றது.

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலில் வண்டியை அங்கேயே விற்றிருப்பேன். மாமனார் துணி நனைத்தார். மனைவி நோட்டில் நேரம் எழுதியவள், பக்கத்தைப் பின்னால் புரட்டிக்கொண்டே, "ஏங்க, போன மாசம் கல்யாணத்துக்கு வந்தப்ப நிக்கவே இல்லையே" என்றாள். ஆமாம், அன்றைக்கு ஐந்து பேர், சுமை அதிகம், வெயிலும் அதிகம். ஒரே மூச்சில் ஏறியது. அதிர்ஷ்டம் என்று விட்டிருந்தேன். அவள் நோட்டைக் காட்டினாள். மற்ற எல்லா ஞாயிறும் "பெட்ரோல் 300" அல்லது "பெட்ரோல் 500". அந்தக் கல்யாண நாள் மட்டும் "ஃபுல் டேங்க்".

அந்த வரி இரண்டு நாள் என் மண்டையில் சுற்றியது. டேங்க் நிறைந்திருந்தால் ஏறுகிறது, குறைந்திருந்தால் நிற்கிறது. துருதான் காரணம் என்றால் துருவைக் கழுவியாகிவிட்டதே. கடையில் எனக்குக் கைவேலைக்கு இருக்கும் பையனிடம் புலம்பிக்கொண்டே ஒரு ஐந்து எச்பி மோட்டாருக்குக் காகிதம் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாழப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். "கெணத்துல தண்ணி எறங்குனா மோட்டார் ஏர் புடிக்குமே, அந்த மாதிரியாண்ணா?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தான்.

கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக விவசாயிகளுக்கு இதையேதான் சொல்லி அனுப்புகிறேன். மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் எடுக்கவில்லை என்று வருவார்கள். மோட்டாரில் குறையே இருக்காது. சக்ஷன் பைப்பில், அதாவது உறிஞ்சுகிற குழாயில், எங்கேயோ மயிரிழை ஓட்டை. தண்ணீரை வெளியே தள்ளும் டெலிவரி பைப்பில் ஓட்டை என்றால் தண்ணீர் பீச்சிக் காட்டிக்கொடுக்கும். சக்ஷனில் ஓட்டை என்றால் ஒரு சொட்டு வெளியே வராது, காற்று உள்ளே போகும். கிணற்றில் தண்ணீர் மேலே இருக்கும்வரை பம்பு சமாளித்துவிடும். மட்டம் இறங்க இறங்க அதிகமாக உறிஞ்ச வேண்டியிருக்கும், காற்றும் அதிகமாகப் புகும், ஒரு கட்டத்தில் பம்பு கைவிட்டுவிடும். காரில் டேங்க் கிணறு. மாருதியின் டேங்க் பின்பக்கம் அடியில், பம்பு முன்னால் எஞ்சினில். முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் 2,175 மில்லிமீட்டர். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட இருபது சென்டிமீட்டருக்கு மேல் தாழும். சமதரையைவிட அவ்வளவு உயரம் கூடுதலாகத் தூக்க வேண்டும். டேங்கில் பெட்ரோலும் குறைவு என்றால் அது வேறு. இறக்கத்தில் டேங்க் மேலே, பம்பு கீழே. ஏன் இறங்கும்போது நின்றதே இல்லை என்பதற்குப் பதில் அங்கே இருந்தது. அதனால்தான் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடத் தரையில் விழவில்லை, வாசனைகூட இல்லை.

இனி மலைக்குப் போக வேண்டியதில்லை, மலையை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றியது. வாசலில் முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் கை வைக்காதீர்கள். டேங்கில் ஐந்து லிட்டர்தான். பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றைக் கிளிப் போட்டு இணைத்தேன். சோதனைக்கு மட்டும்தான் அது. பெட்ரோலில் அந்த மாதிரி டியூப் நாளடைவில் விறைத்து வெடித்துவிடும், அப்படியே விட்டு ஓட்டக்கூடாது.

முதலில் சமதரையில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். டியூபில் பெட்ரோல் தெளிவாக ஓடியது. ஒன்றிரண்டு பொடிக் குமிழ், அவ்வளவுதான். முன்னால் தூக்கியதும் குமிழ் கூடியது. ஆக்சிலேட்டரை அழுத்தி ஐந்து நிமிஷம் பிடித்தபோது, சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தது மாதிரி பாதி பெட்ரோல், பாதி நுரை. பையன் எட்டிப் பார்த்து, "ஏர்தாண்ணா" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை.

எங்கே என்று பார்க்க வேண்டும். உறிஞ்சும் லைனில் சோப்புத் தண்ணீர் தடவினால் உள்ளே போகுமே தவிரக் குமிழ் காட்டாது. லைனை இரண்டு பக்கமும் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிட்டு, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று கொடுத்தேன். கம்ப்ரசர் வேண்டாம், பழைய ரப்பரைப் பிய்த்துவிடும். வெட்ட வெளியில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு. பிரஷ்ஷில் சோப்பு நுரை தொட்டு இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டே பின்னால் போனேன். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாயில் ஏறும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், நுரை மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. டேங்கை இறக்கியபோது இதே ஹோஸைக் கழற்றித்தான் மறுபடி மாட்டினோம், இதே கையால்.

ஹோஸை அறுத்துப் பார்த்தேன். வெளியே பார்வைக்குக் குறையில்லை. உள்சுவர் விறைத்து, கிளிப் இறுக்கிய இடத்தில் நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு. நேராக வைத்தால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் திறக்கிறது. 1997இல் போட்ட ரப்பர் இருபது சதவீத எத்தனாலை எதிர்பார்த்துச் செய்தது இல்லை. பழைய ரப்பரை எத்தனால் முதலில் உப்பச் செய்யும், அதிலிருக்கும் மென்மைப் பொருளைக் கரைத்து எடுத்துவிடும், பிறகு காயும்போது சுருங்கி விறைக்கும்.

லைனில் மொத்தம் நாலு இடத்தில் ரப்பர் ஹோஸ். நாலையும் மாற்றினேன். ஸ்பேர்ஸ் கடையில் "பெட்ரோல் ட்யூப்" என்று கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்து, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பொருந்தும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 வகையைத் தேடி வாங்கினேன். விலை கொஞ்சம் அதிகம். ஆனால் நான் அதுவரை தெண்டம் கட்டிய பம்பு, காயில் விலையில் இதுபோல இருபது மீட்டர் வாங்கியிருக்கலாம். பல் வெட்டிய திருகு கிளிப்புகள் ரப்பரைக் கடித்துவிடும் என்பதால், விளிம்பு மடித்த வழவழப்பான கிளிப்புகளாகப் பார்த்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே 300 ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல். எட்டு, ஒன்பது. வண்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை. பத்து. அத்தை பின்னாலிருந்து, "அப்பா முருகா" என்றார். இருபதாவது வளைவு வரை ஒரு விக்கல் இல்லை.

இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மே மாசம் கோடை விழா சமயத்தில் மறுபடி ஒரு சேட்டை. மலைப்பாதை முழுக்க வண்டி. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஏறினோம். பதினான்காவது வளைவில் வண்டி அணையவில்லை, ஆனால் இரண்டு விக்கல் விட்டது. மாமனார் டப்பாவை எடுத்துவிட்டார்.

இந்த முறை அவசரப்படவில்லை. இப்போது சக்ஷனில் காற்று இல்லை என்பது உறுதி. வெயில், ஊர்தல், எஞ்சின் சூடு. ஆக இது அசல் வேப்பர். ஆனால் இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்களே என்று யோசனை வந்தது. பம்பில் மூன்று மூக்குகள் உண்டு. ஒன்று டேங்கிலிருந்து வருவது, ஒன்று கார்பரேட்டருக்குப் போவது, மூன்றாவது டேங்குக்கே திரும்பிப் போகும் ரிட்டர்ன். கார்பரேட்டருக்கு வேண்டியது போக மிச்சப் பெட்ரோல் ஓயாமல் டேங்குக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதனால் பம்பில் நிற்கும் பெட்ரோல் சூடேறத் தங்காது, குமிழ் வந்தாலும் அதோடு கிளம்பிப் போய்விடும். இந்த ரிட்டர்ன் வேலை செய்கிறதா என்று இதுவரை நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ரிட்டர்ன் ஹோஸை டேங்க் முனையில் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் சுற்றினால் சொட்டு வரவில்லை. முன்னால் பம்பிலிருந்து கிளம்பும் ரிட்டர்ன் ஹோஸைப் பிதுக்கினால் உள்ளே ஏதோ கெட்டியாக. கிளிப்பை எடுத்தால் உள்ளே ஒரு திருகாணி, துருப்பிடித்துப் பழுப்பேறி. எப்போதோ யாரோ, ஹோஸுக்குள் திருகாணியை நுழைத்து மேலே கிளிப்பை இறுக்கி அடைத்துவிட்டிருக்கிறார்கள். ஏன் என்றும் தெரிந்தது. பின்பக்கம் ரிட்டர்ன் இரும்புக் குழாய் துருவில் ஓட்டையாகியிருந்தது. குழாயை மாற்றச் சோம்பல்பட்டு வாசலை அடைத்துவிட்டார்கள். மாமனாரிடம் கேட்டேன். "எட்டு வருஷம் முன்னாடி பெட்ரோல் வாசம் வருதுன்னு ஒரு எடத்துல காட்டுனங்க" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் முழுக்கதையும் ஒன்று சேர்ந்தது. வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. மலைச்சூட்டில் அதோடு ஆவியும் சேர்ந்திருக்கிறது. ரிட்டர்ன் திறந்திருந்தால் இரண்டும் டேங்குக்குத் திரும்பியிருக்கும். அது அடைத்திருந்ததால் குமிழ் பம்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. ஈரத்துணி ஆவியை மட்டும் தணித்தது, அதனால்தான் இருபது நிமிஷம் ஏழாகக் குறைந்ததே தவிர நிற்பது நிற்கவில்லை. மாமனார் சொன்னது பாதி சரி. இதை அவரிடம் சொன்னபோது அந்தப் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஓட்டை விழுந்த குழாய்ப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வளைத்துப் போட்டோம். பாட்டில் சோதனையில் இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பீச்சுகிறது. ஒரு காரியம் கூடச் செய்தேன். எடுத்து வைத்திருந்த பழைய பம்பைப் பிரித்து டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. மூக்கில் விரலை வைத்து நெம்பை ஆட்டினால் விரலைப் பிடித்து இழுக்கிறது. அதற்கும் குறையில்லை. வெளிக்கூட்டில் மட்டும் கொஞ்சம் துரு. புதுப் பம்பு வண்டியில் இருக்கட்டும், பழையது டிக்கியில் உதிரியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேலே போனால் ஐடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம், லேசாகக் கரகரப்பதாக இன்னொரு குறை மாமனாருக்கு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் முந்நூறுக்கும் கீழே. மேலே காற்று அடர்த்தி குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். சேலத்தோடு ஒப்பிட்டால் கலவையில் ஆறேழு சதவீதம் பெட்ரோல் கூடிப்போகும். முன்பெல்லாம் மேலே இருக்கும் மெக்கானிக்கிடம் திருகு வைத்துச் சரி செய்துகொண்டு, கீழே வந்ததும் இழுவை இல்லை என்று மறுபடி திருப்புவார்கள். எனக்கு இதில் ஒரு வேடிக்கை தட்டுப்பட்டது. சுத்தப் பெட்ரோல் எரிய ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது பங்கு போதும். இருபது சதவீதம் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5. அதாவது பழைய ஜெட் வைத்த கார்பரேட்டருக்கு இன்றைய பெட்ரோல் சேலத்தில் எட்டு சதவீதம் போல மெலிந்த, அதாவது பெட்ரோல் குறைந்த கலவையாகப் படுகிறது. மேலே போனால் காற்று குறைந்து அந்த மெலிவு ஏறக்குறைய சமன் ஆகிவிடுகிறது. 1997இல் சேலத்தில் இருந்த கலவை இன்றைக்கு இந்த வண்டிக்கு ஏற்காட்டு ஏரிக்கரையில்தான் கிடைக்கிறது! ஆகவே கரகரப்புக்குக் காரணம் உயரமாக இருக்க வழியில்லை. கலவைத் திருகைத் தொடாமல் பார்த்ததில், குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைத்துக் கொடுக்கும் சோக்கின் கேபிள், உறையில் சிக்கி முழுசாகத் திரும்பி வராமல் நிற்பது தெரிந்தது. கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் ஒரு மத்தியானம் உட்கார வேண்டும்.